வாசித்துக்காட்ட ஓர் ஆள்

பிப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பா எழுதுவது. இங்கே நான் சௌகரியம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் போக மனமில்லாமல் தங்கியிருக்கிறது. உன் முழங்கால் எப்படி? ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் மாடி ஏறமாட்டேன் என்று எனக்குச் செய்த சத்தியம் என்ன ஆயிற்று?

நேற்று ஆய்வுக்கூடத்தில் பரிசோதனைக்கு வந்த தண்ணீர் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி செய்தித்தாளை நீட்டினாள். "இது உங்க அம்மாதானே?" நீயேதான். நகரமன்றத் தலைவர் நாற்காலியில், கன்னத்தில் கை வைத்தபடி. தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'எழுபது போதும்'. எழுபது வயது தாண்டியவர்கள் மன்றத் தேர்தலில் நிற்கக் கூடாது என்று இளைய உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம். புகைப்படத்தில் நீ கேமராவைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாய். கோபமா, அலுப்பா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உனக்கு எழுபத்து நாலு. இருபது வருடமாக அந்த நாற்காலி. அக்டோபரில் ஆறாவது தடவையும் நிற்கப்போகிறாயா? போனில் கேட்டால் மூன்றாம் நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடும். அப்பா போன பிறகு கடிதம் என்று ஒப்பந்தம் போட்டதே அதற்குத்தானே. அதனால் எழுத்தில் கேட்கிறேன், நீயும் நிதானமாகச் சொல்.

என் பக்கச் செய்தி: எங்கள் கூடத் தலைவர் மார்ச் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்தது யார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காமல் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருக்கிறது.

கண்ணாடி மாற்றவேண்டும் என்றாயே, டாக்டரிடம் போனாயா?

அன்புடன்,
பாப்பா


பிப்ரவரி 19

என் பாப்பாவுக்கு அம்மாவின் ஆசி.

முழங்கால் அதன் இடத்தில் இருக்கிறது, நான் என் இடத்தில் இருக்கிறேன். இருமலுக்கு வெந்நீர் குடி, குளிர்பெட்டி அறையில் ரொம்ப நேரம் நிற்காதே.

அந்தத் தீர்மானத்துக்குத் தலைமை ஒரு இருபத்தெட்டு வயதுக்காரி. பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறாள். போன தடவைதான் உறுப்பினர் ஆனாள். எழுந்து நின்று, "தலைவரம்மா, உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, ஆனா" என்றாள். 'ஆனா' வந்ததும் மரியாதை வந்த வழியே திரும்பிவிட்டது.

"பஸ் ஓட்டுற டிரைவரை அறுபதுல வீட்டுக்கு அனுப்பறோம். ஊரையே ஓட்டுறவங்களுக்கு மட்டும் வயசே கிடையாதா?"

நான் சொன்னேன்: "ஏம்மா, உன் கடை மாத்திரை அட்டையில காலாவதி தேதி போட்டிருக்கும். என் மேல எங்க அச்சடிச்சிருக்குன்னு காட்டு, நானே எறங்கிப் போயிடறேன்."

மன்றமே கொல்லென்று சிரித்தது. அவள் குரலிலும் சிரிப்பு ஏறிவிட்டது, இருமி அடக்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. யாரிடமும் சொல்லித் தொலைக்காதே.

உன் கேள்விக்குப் பதில்: நிற்பேன். என் தலைக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது. எந்தத் தெருவில் எந்தக் குழாய், யார் மனு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுத்தர் தினமும் காலையில் கோப்பெல்லாம் உரக்க வாசித்துக் காட்டுகிறாள். காதால் கேட்டால்தான் எனக்கு மனதில் நிற்கிறது. பதினெட்டு வருடமாக என்னிடம் இருக்கிறாள், ஒரு கமாவைக்கூட விடமாட்டாள்.

வரி சரிந்திருந்தால் பொறுத்துக்கொள், காரில் போய்க்கொண்டே எழுதுகிறேன். நீயும் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுதுகிறாய். கண் டாக்டருக்கு என்ன அவசரம், அவர் எங்கே ஓடிவிடப் போகிறார்.

அம்மா


ஏப்ரல் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பதால் ஒரே தாளோடு முடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் நெருக்கி எழுதுகிறேன்.

தலைவர் பதவி எனக்கு வரவில்லை. வேறு நகரத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வயது முப்பத்தொன்று. தேர்வுக்குழுவில் இருந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா நாங்க அடுத்த முப்பது வருஷத்தைப் பார்க்கணும் இல்லையா?" என்றார். ஓய்வு பெற்றுப் போனவருக்கு அறுபத்தாறு. அவருக்கு மூன்று முறை நீட்டிப்புக் கொடுத்தார்கள். கேட்டபோதெல்லாம் அனுபவம் வேண்டும் என்றார்கள். ஆக, நான் அனுபவத்துக்குச் சின்னவள், எதிர்காலத்துக்குப் பெரியவள். நடுவில் எனக்கென்று ஒரு வயது இருந்திருக்கவேண்டுமே, அது எப்போது வந்து போயிற்று? அன்றைக்கு நான் விடுப்பில் இருந்தேனோ என்னவோ.

பன்னிரண்டு வருடம் துணைத்தலைவர், அம்மா. புதியவர் நல்ல பிள்ளை. முதல் நாள் என் மேசைக்கு வந்து, "மேடம், குளிர்பெட்டி ரூம் சாவி எங்க இருக்கும்?" என்று கேட்டார். என் கைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகு பையின் எடை குறைந்தது போல இருந்தது, ஒரு சாவிக்கு அவ்வளவு எடை இருக்காது.

வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. நீ ஏதாவது சொல். திட்டினாலும் சரி.

பாப்பா


ஏப்ரல் 22

என் பாப்பாவுக்கு அம்மாவின் ஆசி.

உன் கடிதம் வந்தது. உனக்கு உடம்பு நன்றாக இருப்பதும் வேலை நன்றாக நடப்பதும் அறிந்து மகிழ்ச்சி.

இங்கே ஒரே அமளி. பள்ளிக்கூடச் சந்தில் குழாய் பழுதுபார்க்க உத்தரவு போகவேண்டியது, தச்சர் சந்துக்குப் போய்விட்டது. ஆட்கள் போய்ச் சாலையைத் தோண்டிக் குழாயையும் கழற்றிய பிறகுதான் சந்து மாறியது தெரிந்தது. தச்சர் சந்தில் பதினோரு நாள் தண்ணீர் இல்லை. பிள்ளை பெற்று வந்த ஒருத்தி மூன்றாம் மாடிக்கு வாளி தூக்கினாளாம்.

மருந்துக்கடைக்காரி சும்மா விடுவாளா? "உத்தரவுல கையெழுத்து தலைவரம்மாவோடது. படிச்சுப் பார்த்துத்தான் போட்டாங்களா?" என்று கேட்டாள். அலுவலகத் தவறு என்று பதில் சொன்னேன். யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமே. தாளைத் தயாரித்தவள் எழுத்தர். அவளைக் கீழ்த்தளப் பதிவறைக்கு மாற்றும்படி ஆயிற்று. மேசையைக் காலி செய்துகொண்டு போனாள். இப்போது காலையில் அலுவலகம் ரொம்ப அமைதியாக இருக்கிறது.

வெயில் ஏறுகிறது. தலையில் துணி போட்டுக்கொண்டு போ.

அம்மா


மே 4

அம்மா,

நலமா? நான் நலம்.

என் ஏப்ரல் கடிதத்தை நீ படித்தாயா? வேலை நன்றாக நடப்பது அறிந்து மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழாய்க்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு எனக்கு ஒரு வரி. அதுவும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி.

இதைக் கேட்கக் கூடாது என்று பதினாறு வருடம் இருந்தேன். அப்போது எனக்கு இருபத்தொன்பது. நம் பக்கத்து வார்டு காலியானது. தெருவே வந்து என்னை நிற்கச் சொன்னது. நீ எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "அவளுக்கு இன்னும் பக்குவம் வரட்டும்" என்றாய். அந்த இடத்தை அறுபத்து மூன்று வயதுக் காண்டிராக்டருக்குக் கொடுத்தாய். எனக்கு என்ன குறை என்று நீ சொல்லவே இல்லை. அடுத்த வருடம் நான் இந்த ஊருக்கு வந்துவிட்டேன். நீ ஏன் போகிறாய் என்றும் கேட்கவில்லை.

அந்த மருந்துக்கடைப் பெண்ணை எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கேட்பது நியாயம். நாற்காலியில் இருப்பவர்கள் எழுந்தால்தானே அடுத்தவர் உட்கார முடியும்? நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் நின்றுகொண்டே நாற்பத்தைந்து ஆகிவிட்டோம். இப்போது எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

தப்புச் செய்தது எழுத்தர் என்று நான் நம்பவில்லை. கமாவைக்கூட விடாதவள் என்று நீதான் எழுதினாய்.

போதும் அம்மா. அக்டோபரில் நிற்காதே.

பதில் எழுதப் பிடிக்காவிட்டால் எழுதவேண்டாம்.

பாப்பா


ஜூன் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. எழுதவேண்டாம் என்றால் எழுதாமலே இருந்துவிடுவதா? போன ஞாயிறு போன் செய்தேன். "நல்லா இருக்கேன், ஆளுங்க வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்றாய். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஆட்கள் வந்திருந்தால் உன் வீட்டில் அப்படியா இருக்கும்?

நான் எழுதியதில் சில வார்த்தை கூடுதல். எதையும் திரும்பப் பெறவில்லை, ஆனால் கூடுதல். கால் வலிக்கு மருந்து சாப்பிடு.

பாப்பா


ஜூன் 16

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் உங்கள் ஊர் நகரமன்ற உறுப்பினர், மருந்துக்கடை வைத்திருப்பவள். உங்கள் அம்மாவை எதிர்த்துக் கத்திக்கொண்டிருப்பவள் என்றால் உடனே தெரியும். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். செய்வது சரிதானா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்கா, உங்கள் அம்மாவுக்கு எழுத்துத் தெரிவதில்லை. பார்வையின் நடுவில் கறை மாதிரி மறைத்துக்கொள்கிறதாம், ஓரம் மட்டும் தெரிகிறதாம். நடப்பதற்குச் சிரமமில்லை. முகமும் எழுத்தும் தெரியாது. ஒன்றரை வருடமாகிறது. டாக்டர் இனி சரியாகாது என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு மே மாதக் கூட்டத்தில் தெரிந்தது. அன்று வரவுசெலவுக்குப் பிறகு சாலை விளக்கு விஷயம். தலைவரம்மா தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் வாசித்தார். எந்தத் தெருவில் எத்தனை விளக்கு என்று ஒரு எண் தப்பவில்லை. நான் முன்வரிசை. தாள் தலைகீழாக இருந்தது.

கடையில் தினமும் பார்க்கிறேன். வயதானவர்கள் மாத்திரை அட்டையை வாங்கி, படிப்பதுபோல கொஞ்ச நேரம் வைத்திருந்து, தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன்.

அந்த நிமிடம் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தீர்மானம் அன்றே நிறைவேறியிருக்கும். என்னுடன் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் இன்றும் என்னை மன்னிக்கமாட்டார்கள். சந்தேகம் கேட்பதுபோல மேடைக்குப் போனேன், தாளை வாங்கி ஒரு வரியைக் காட்டினேன், நேராகத் திருப்பிக் கையில் கொடுத்தேன். அவர் வாயசைக்காமல் கேட்டார், "எப்பலேர்ந்து தெரியும்?"

"இப்பத்தான்."

"என்ன பண்ணப் போறே?"

"எதிர்த்துத்தான் பேசப் போறேன். ஆனா வயசைப் பத்தி மட்டும்."

போன வாரம் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தார். மருந்துச் சீட்டு நீட்டுவதுபோல மூன்று கடிதங்களை நீட்டினார். உங்கள் கடிதங்கள். "இதைப் படிச்சுச் சொல்லு. எதையும் விடாம" என்றார்.

"எழுத்தர்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"அவ மூஞ்சியில எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு முழிப்பேன்?"

"அதுக்காக என்கிட்டயா வருவீங்க?"

"இந்த ஊர்லயே என் மேல இரக்கப்படாத ஆளு நீ ஒருத்திதான்."

மே மாதக் கடிதத்தை ஐந்து வாரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார், அக்கா. பூதக்கண்ணாடி வைத்து 'அம்மா' என்ற ஒரு சொல்லும் 'போதும்' என்ற ஒரு சொல்லும் மட்டும் பிடிபட்டதாம். முன்பெல்லாம் உங்கள் கடிதங்களைப் படித்துக்காட்டியது எழுத்தர்தானாம், இப்போது மற்றதைப் படிக்கச் சொல்ல ஆள் இல்லை.

படித்தேன். 'போதும் அம்மா' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்டே? மன்றத்துல கத்துற மாதிரியே படி" என்றார். நான் மன்றத்தில் கேட்கிற கேள்விதான் உங்கள் கடிதத்திலும் இருந்தது. அங்கே சொல்ல ஒன்றும் கஷ்டமில்லை.

ஏப்ரல் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். குளிர்பெட்டிச் சாவி வருகிற இடத்தில் ஸ்டூலிலிருந்து எழுந்து, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, அலமாரியைப் பார்த்தபடி நின்றார். "இதுக்கா நான் சந்தோஷம்னு எழுதினேன்" என்றார். நான் சைக்கிளில் வந்த ஒருவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டார்.

ஜூலை 14 கூட்டத்தில் என் தீர்மானம் வருகிறது. அதை விடமாட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் உங்களை அலட்சியம் செய்தார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது மட்டும் சரியில்லை என்று பட்டது.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மருந்துக்கடைக்காரி


ஜூன் 24

அம்மா,

தடித்த பேனா வாங்கினேன்.

ஒரு தாளுக்கு மூன்று வரி.

எது வரைக்கும் தெரிகிறதோ அது வரைக்கும் படி.

எனக்குக் கோபம் இல்லை.

தெரியாமல் எழுதினேன்.

நீயும் சொல்லாமல் இருந்தாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன்.

எழுத்தர் இன்னும் கீழ்த்தளத்தில்தானா?

பாப்பா


ஜூலை 21

என் பாப்பாவுக்கு அம்மாவின் ஆசி.

உன் நான்கு தாளையும் சன்னலோரம் வைத்து நானே படித்தேன். ஒரு காலைப்பொழுது ஆயிற்று. முழுக்க நானே. இந்தக் கடிதம் நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுவது. அதனால் வரி நேராக இருக்கும்.

காரில் எழுதினேன் என்றது பொய். ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துத் தடவித் தடவி எழுதினேன். உனக்கு இதுவரை எழுதியதில் அதுவும், படிக்காமலே மகிழ்ச்சி என்று எழுதியதும்தான் நேர்ப்பொய், மற்றதெல்லாம் சொல்லாமல் விட்டது.

ஜூலை 14 அன்று கூட்டம். மருந்துக்கடை தீர்மானத்தை எடுப்பதற்கு முன்னால் நான் எழுந்தேன். முதலில் குழாய் விஷயம் என்றேன். "அந்த நாள் எழுத்தர் சாப்பிடப் போயிருந்தாங்க. தட்டுல ரெண்டு தாள் இருந்தது. காலையில வாசிச்சுக் காட்டினது மேல இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அது தச்சர் சந்துக்கு அடுத்த மாசம் போகவேண்டிய தாள். நான் படிக்கலை. என்னால படிக்க முடியலை, ஒன்றரை வருஷமா கண்ணு நடுவுல தெரியலை. தப்பு என்னோடது. பழியை அவங்க மேல போட்டேன்."

கடைசி வரிசையில் யாரோ, "கண்ணு தெரியாதவங்க தலைவரா இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்று எனக்காகப் பரிந்து கேட்டார். "இல்லீங்க. தாராளமா இருக்கலாம். சொல்லிட்டு இருக்கணும். நான் மறைச்சிட்டு இருந்தேன்" என்றேன்.

அன்று மாலையே கீழ்த்தளத்துக்குப் போனேன். எழுத்தரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டேன். (எழுத்தர் எழுதுவது: நான் இன்னும் மன்னிக்கவில்லை என்று சொன்னேன். எழுத மட்டும் சம்மதித்தேன். அதையும் கடிதத்தில் எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.) அவள் மூன்று மாதம் ஈரச்சுவர் அறையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள் பாப்பா. என் கண்ணைப் பற்றி அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.

தீர்மானத்துக்கு வருகிறேன். எதிர்த்து ஓட்டுப் போட்டேன். "நாளைக்கு எழுபத்தொரு வயசுல ஒருத்தி, வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு, முதல் தடவையா துணிஞ்சு நிக்க வருவா. அவளை வாசல்லயே மடக்க என் கை தூக்காது. அதே மாதிரி, முப்பது ஆகாத பொண்ணைப் பார்த்துப் பக்குவம் வரட்டும்னு சொல்றதும் இனிமே இந்த மன்றத்துல இருக்கக் கூடாது. நானே சொல்லியிருக்கேன்" என்றேன். பதினொன்றுக்குப் பதின்மூன்று. தீர்மானம் தோற்றது. பிறகு, அக்டோபரில் நான் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தேன்.

மருந்துக்கடை எழுந்து, "அதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஆறு மாசம் தொண்டை கிழியக் கத்தியிருக்க வேணாமே!" என்றாள். எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். நான் ஆதரவு தரட்டுமா என்று கேட்டதற்கு, "ஐயோ வேண்டாம், நீங்க கை வெச்சா நானும் பழசாயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். வாய்க்கொழுப்பு. ஜெயிப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

இனி உனக்கு.

உனக்கு என்ன குறை என்று கேட்டிருந்தாய். இந்த இடத்தை எழுத்தரை வைத்துக்கொண்டு சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன். அந்த வருடம் குடிநீர்க் கூட்டத்தில் நீ பேசினாய், ஞாபகம் இருக்கிறதா? இருபது நிமிடம், கையில் தாள் இல்லாமல். கூட்டம் முடிந்து எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். நான் காரில் உட்கார்ந்து உனக்காகக் காத்திருந்தேன். ஒருவர்கூடக் கார்ப் பக்கம் வரவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ உள்ளே வந்தால் நான் இரண்டாவது ஆள். உன்னிடம் ஒரு குறையும் இல்லை. பயந்தது நான். அதற்குப் பக்குவம் என்று பெயர் வைத்தேன். நீ ஊரை விட்டுப் போகிறேன் என்றபோது ஏன் என்று கேட்காததற்கும் காரணம் அதுதான். கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று.

நான் நிற்காததால் நம் தெரு வார்டு இப்போது காலி. அன்று உன்னிடம் கேட்கவேண்டியதை இன்று கேட்கிறேன். வந்து நிற்கிறாயா? வேண்டாம் என்பாய் என்று எழுத்தரும் சொல்கிறாள், எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் கேட்கிறேன். நான் கேட்கவில்லை என்று இருக்கவேண்டாம்.

அப்புறம், உன் கூடத்தில் நடந்ததை மருந்துக்கடை குரலில்தான் கேட்டேன். அவள் வேகமாகப் படிப்பவள். எனக்கு உன் வாயால் கேட்கவேண்டும். திட்டவேண்டும் என்றால் அந்தத் தேர்வுக்குழுவை நான் திட்டுகிறேன். இருபது வருடத்தில் நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருக்கிறேன்.

அம்மா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலம் என்பது உன் கடிதத்தின் நீளத்திலேயே தெரிந்தது. இதை வாசித்துக்காட்டும் எழுத்தர் அவர்களுக்கு என் வணக்கம். உங்கள் இருமல் நிற்கும்வரை என் அம்மாவை மன்னிக்காதீர்கள். நின்ற பிறகும் அவசரப்படவேண்டாம்.

அம்மா, நான் நிற்கமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அந்தத் தெருவை எனக்கு உன் கடிதங்களில்தான் தெரியும். இப்போது நான் வந்து நின்றால் உன் மகள் என்பதற்காக மட்டும் ஓட்டுப் போடுவார்கள். அது அந்த மருந்துக்கடைப் பெண்ணுக்கும் அவளோடு நிற்பவர்களுக்கும் செய்கிற அநியாயம். அவர்கள் தெருத்தெருவாக நடந்து வந்தவர்கள்.

ஆனால் கேட்டாயே. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். நீ பயந்தாய் என்பதைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பதினாறு வருடமாக என்னிடம் இல்லாத ஒரு குறையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். பேச்சைக் குறைத்தேன், கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்தேன், தேர்வுக்குழுவின் முன்னால்கூட எனக்காக நான் இரண்டு வாக்கியம் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. அதையும் நீ தெரிந்துகொள். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சரிசெய்துவிட்டதாக நினைத்துவிடாதே.

புதுத் தலைவரிடம் மூன்று வாரம் விடுப்புக் கேட்டேன். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க லீவே எடுத்ததில்லையா? ஏன்?" என்றார். அடுத்தது நான்தான் என்று நினைத்திருந்தேன், அதனால் என்று சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு யாரும் சொல்லலை மேடம்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம். என்ன பேசினோம், கூடத்தில் என்ன நடந்தது, தேநீர் வாங்கிக் கொடுத்தவர் என்னவெல்லாம் சொன்னார், எதையும் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது உனக்கு வாசித்துக் காட்டவேண்டும். நேரில் வந்து என் வாயால் சொல்கிறேன். நீ திட்டு, நான் கேட்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி காலை ஏழேகால் வண்டி. ஸ்டேஷனுக்கு வராதே என்றால் நீ கேட்கப்போவதில்லை. வா. ஆனால் கூட்டத்துக்குள் நுழைந்து ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருக்காதே. முதல் நடைமேடையில், டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தூணை ஒட்டி நில். நின்ற இடத்திலேயே நில். நான் வந்து உன்னைக் கண்டுபிடிக்கிறேன்.

பாப்பா